நீட் கிடைக்கல, பயாலஜி பிடிக்கும்: சூவாலஜியா, பாட்டனியா, மைக்ரோவா, பயோகெமா, பயோடெக்கா?

மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துச்சுன்னா போதும், எங்க வட சென்னையில ராயபுரம் தண்டையார்பேட்டை கொருக்குப்பேட்டை பக்கம் பயோ குரூப் படிச்ச பிள்ளைங்க இருக்கற வீட்ல எல்லாம் ஒரே பஞ்சாயத்துதான். நீட் மார்க் பத்தாது, பிரைவேட் மெடிக்கல் காலேஜ் பக்கம் நம்மளால தலைவெச்சுக்கூட படுக்க முடியாது, சரி பி.எஸ்சி சேத்துவிடலாம்னு அப்ளிகேஷனைத் திறந்தா அதுல பயாலஜின்னு ஒரு கோர்ஸே இல்ல. அஞ்சாறா பிரிஞ்சு கெடக்குது. உடனே சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, பயோடெக் போட்டா ஃபாரின் போயிடலாம்பாரு மாமா, பாட்டனி படிச்சா செடிக்குத் தண்ணி ஊத்தத்தான் போவேன்னு சிரிப்பாரு இன்னொருத்தரு. ரெண்டு பேருமே அந்த சப்ஜெக்ட்ல என்ன இருக்குன்னு பாக்காம பேசறவங்க. அதனால முதல்ல ஒவ்வொண்ணும் எதைப் பத்தினதுன்னு பாத்துடுவோம், வேலைவாய்ப்பு அப்புறம்.

காசிமேட்டுல ஏலத்துக்கு வர்ற ஒரு வஞ்சிரத்தை எடுத்துக்கங்க. அது செவுள் வழியா எப்படி மூச்சு விடுது, எந்த சீசன்ல முட்டை போடும், எதைத் தின்னும்னு கேட்டா அது விலங்கியல், அதாவது சூவாலஜி. வஞ்சிரம் கவளையைத் தின்னுது, கவளை மிதவை உயிரிங்களைத் தின்னுது, அப்படியே இறங்கிப் போனா கடைசியில கடல் தண்ணியில வெயிலை வெச்சு சாப்பாடு தயாரிக்கற கண்ணுக்குத் தெரியாத பாசியில வந்து நிக்கும், அந்தப் பாசி பாட்டனிகாரங்க ஏரியா. ஐஸ் கம்மியா போட்டு மத்தியானம் வரைக்கும் வெயில்ல வெச்சிருந்தா மீன் கெட்டுப்போகுதே, கெடுக்கறது யாருன்னு தேடினா மைக்ரோபயாலஜி. அப்படிக் கெடுக்கற பாக்டீரியா சில வகை மீனோட சதையில இருக்கற ஹிஸ்டிடின்ங்கற அமினோ அமிலத்தை அலர்ஜி கிளப்பற ஹிஸ்டமினா மாத்திடும், வஞ்சிரம் சூரை எல்லாம் அந்தக் குடும்பம்தான், தின்னா மூஞ்சி செவந்து உடம்பெல்லாம் அரிக்கும், குழம்பு எவ்ளோ கொதிச்சாலும் அது போகாது. அந்த மாத்தற வேலையை எந்த என்சைம் எப்படிப் பண்ணுதுன்னு பாக்கறது பயோகெமிஸ்ட்ரி. ஹோட்டல்காரன் வஞ்சிரம்னு சொல்லி வேற எதையோ வறுத்துக் குடுத்துட்டானான்னு சந்தேகம் வந்தா ஒரு துண்டு சதையிலேர்ந்து டிஎன்ஏவை எடுத்து இது எந்த இனம்னு கண்டுபிடிக்கலாம், டிஎன்ஏ பார்கோடிங்னு பேரு, பயோடெக், ஜெனிடிக்ஸ்ங்கற மரபியல் எல்லாம் இந்தப் பக்கம்.

மீன் ஒண்ணுதான், பாக்கற தூரம்தான் வேற. அதனாலதான் பின்னாடி ரிசர்ச்சுக்குப் போறவங்க எழுதற சிஎஸ்ஐஆர் நெட் எக்ஸாம்ல இவங்க எல்லாருக்கும் லைஃப் சயின்ஸஸ்னு ஒரே பேப்பர். எது ஒசத்தி எது மட்டம்னு வரிசை போடறதுல அர்த்தமே இல்ல. மூணு வருஷம் தினமும் கையில எது இருக்கணும், எந்த காலேஜ்ல லேப் நெஜமாவே ஓடுது, மேல படிக்க முடியலைன்னா வெறும் டிகிரியை வெச்சு என்ன பண்ணலாம், இந்த மூணைத்தான் நான் பாப்பேன்.

சூவாலஜியிலேர்ந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நம்ம ஏரியாவுக்கு இதைவிடப் பொருத்தமான சப்ஜெக்ட் இல்லைங்கறது என் அபிப்ராயம். முதுகெலும்பு இல்லாதது இருக்கறது எல்லாத்தோட உடல் அமைப்பு, கரு வளர்ச்சி, பூச்சியியல், உடம்பு எதிர்ப்புசக்தி, பரிணாமம், மீன் வளர்ப்பு வரைக்கும் இதுல வரும். புக்குல கொசுன்னு ஒரு வார்த்தையா இருக்கறது இங்க மூணு தனித்தனி எதிரி: பக்கிங்காம் கால்வாய் மாதிரி அழுக்குத் தண்ணியில வளர்ற க்யூலெக்ஸ், வீட்டுக்குள்ள நல்ல தண்ணியில வளர்ந்து பகல்லயே கடிச்சு டெங்கு பரப்பற ஏடிஸ், மாடியில மூடி இல்லாத டேங்க்லயும் கிணத்துலயும் முட்டை போட்டு மலேரியா பரப்பற அனோஃபிலிஸ் ஸ்டீஃபென்சி. இந்த வித்தியாசம் தெரியாம கால்வாய்க்கு மட்டும் மருந்து அடிச்சுட்டு மலேரியா ஏன் குறையலன்னு கேட்டா எப்படிக் குறையும்? மலேரியாக் கிருமி கொசுவுக்குள்ள இருக்குன்னு ரொனால்ட் ராஸ் 1897ல செகந்திராபாத்துல கண்டுபிடிச்சதும் கொசு வயித்தை அறுத்து மைக்ராஸ்கோப்புல பாத்துத்தான்.

இன்னொண்ணு, 2025 ஜனவரியில சென்னைக் கடற்கரை முழுக்க ஆமைங்க செத்து ஒதுங்குச்சே ஞாபகம் இருக்கா, பங்குனி ஆமைன்னு சொல்லுவோமே அதுங்க. நிறைய பேருக்கு ஆமை தண்ணியில மூழ்கி சாகும்ங்கறதே புரியல. ஆமைக்கு செவுள் கிடையாது, நம்மள மாதிரி நுரையீரல்தான், அப்பப்போ மேல வந்து மூச்சு எடுக்கணும், இழுவை வலையில மாட்டிக்கிட்டா வர முடியாது. அதைவிட ஆச்சரியம், முட்டையிலேர்ந்து வர்றது ஆணா பெண்ணான்னு முடிவு பண்றது மணலோட சூடு, சூடு ஜாஸ்தின்னா பெண் குஞ்சு ஜாஸ்தி. வருஷா வருஷம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு தடைக்காலம் வருதே, அது மீன் இனப்பெருக்கத்தைக் கணக்குப் பண்ணி வெச்சது. சரியா நம்ம பிள்ளைங்க காலேஜ் அப்ளிகேஷன் போடற நேரம், வீட்ல வருமானம் நிக்கற நேரமும் அதுதான், இதை எல்லாம் சேத்துத்தான் ஃபீஸ் விஷயம் யோசிக்கணும்.

எறா கரப்பான் அறுக்கணுமேன்னு பயந்து சூவாலஜியை ஒதுக்கறவங்களுக்கு ஒரு தகவல், டிகிரி லெவல்ல விலங்குகளை அறுக்கறதை யூஜிசி எப்பவோ கைவிடச் சொல்லியாச்சு, இப்ப மாடல், சார்ட், ஸ்லைடு, கம்ப்யூட்டர் இதுலதான் போகுது.

பாட்டனி. இதைக் கிண்டல் பண்றவங்களை எண்ணூர் கழிமுகத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற அந்த இடத்துல வெண்கண்டல்னு ஒரு அலையாத்தி மரம் இருக்கு, உப்புத் தண்ணியில சாதா மரம் எது நட்டாலும் கருகிடும், இது எப்படி நிக்குதுன்னா உள்ள போன உப்பை இலை வழியா வெளிய தள்ளிடுது, இலையை நக்கிப் பாத்தா கரிக்கும். சேத்துல காத்து இல்லாததால வேரை மேல நோக்கி பென்சில் பென்சிலா நீட்டி மூச்சு வாங்குது. இது எல்லாமே பாட்டனிதான், கூடவே பாசி, பூஞ்சை, ஜெனிடிக்ஸ், மருந்துச் செடி, திசு வளர்ப்பு. ஊர் முழுக்கப் பரவி நிக்கற சீமைக்கருவேலம் வெளிநாட்டு மரம், அதை வெட்டினா திரும்பத் துளிர்க்குது, ஏன்னு கேளுங்க, அதுவும் இந்த சப்ஜெக்ட்தான். இந்தத் துறையில சென்னைக்கு ஒரு மரபே இருக்கு. எம்.ஓ.பி. ஐயங்கார் பாசி ஆராய்ச்சியை மெட்ராஸ் யுனிவர்சிட்டியில வளர்த்தவர், ஜானகி அம்மாள் குயின் மேரீஸ்லயும் பிரசிடென்சியிலயும் படிச்சுட்டு கோயம்புத்தூர்ல கரும்பு ஆராய்ச்சி பண்ணாங்க, 1945ல டார்லிங்டன்ங்கற பிரிட்டிஷ் விஞ்ஞானியோட சேர்ந்து பயிர்ச் செடிகளோட குரோமோசோம் கணக்கையெல்லாம் ஒரே அட்லஸா போட்டாங்க, ஒரு பொண்ணு பள்ளிக்கூடம் தாண்டறதே பெருசா இருந்த காலத்துல. மாதவரத்துல தாவரவியல் பூங்கா இருக்கு, எத்தனை பேர் பிள்ளைங்களை ஊஞ்சலுக்கு இல்லாம செடி பாக்கக் கூட்டிட்டுப் போறாங்கன்னு தெரியல.

பாட்டனியில எனக்குத் தெரிஞ்ச ஒரே கஷ்டம் மனப்பாடம். குடும்பப் பேரு, பூவோட அமைப்பு, சூத்திரம்னு முதல் வருஷம் கொஞ்சம் அலுப்பு தட்டும், அதைத் தாண்டிட்டா ஓடிடும்.

மைக்ரோபயாலஜி வட சென்னை ஆளுங்களுக்கு ரொம்ப நெருக்கம், ஆனா அது வேற விதமான நெருக்கம். தண்டையார்பேட்டையில தொற்றுநோய் ஆஸ்பத்திரி, ஓட்டேரியில மார்பு நோய் ஆஸ்பத்திரி, எந்தத் தெருவுல கேட்டாலும் டிபி மாத்திரை சாப்பிட்ட ஒருத்தர் இருப்பாரு. காச நோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்னிக்கு அறிவிச்சாரு, அதனாலதான் அந்தத் தேதி உலக காசநோய் தினம். அந்தக் கிருமி ஒண்ணு ரெண்டாகறதுக்கு முக்கால் நாள் கிட்ட எடுத்துக்கும், நம்ம குடல்ல இருக்கற ஈ.கோலை நல்ல சூழல்ல 20 நிமிஷத்துல பிரிஞ்சிடும். இந்த ஒரு வித்தியாசத்தாலதான் கிருமியை வளர்த்துப் பாக்கற டிபி கல்ச்சர் ரிசல்ட்டுக்கு வாரக்கணக்குல காத்திருக்கணும், மாத்திரையையும் மாசக்கணக்குல முழுங்கணும், பாதியில நிறுத்தினா மருந்துக்கு அடங்காத கிருமி தப்பிச்சு நிக்கும். இப்ப வந்திருக்கற ஜீன் டெஸ்ட்ல ரெண்டு மணி நேரத்துல தெரிஞ்சிடுது, அதுல பயோடெக் வந்து கலந்துக்குது.

நோய் மட்டும்தான் மைக்ரோன்னு நெனைச்சிடாதீங்க. ராத்திரி அரைச்ச இட்லி மாவு காலையில பொங்கறது பாக்டீரியா வேலை. மாதவரம் பால் பண்ணையில பாலை 72 டிகிரியில 15 செகண்ட் சூடு பண்ணி டக்னு குளிரவைக்கற பாஸ்ச்சரைசேஷன் கிருமிங்களோட கணக்கு. கொடுங்கையூர்ல நம்ம ஊர் சாக்கடைத் தண்ணியை சுத்திகரிக்கறாங்களே, அங்க மோட்டார் காத்தைத்தான் ஊதுது, அழுக்கைத் தின்னு தீக்கறது பாக்டீரியாக் கூட்டம். இந்த சப்ஜெக்ட் எடுக்கறவங்களுக்கு ஒரு குணம் வேணும், பொறுமையும் சுத்தமும். கிருமி வளர்க்கற ஒரு பிளேட்ல கை பட்டுச்சுன்னா ரெண்டு நாள் வேலை போச்சு. வீட்ல எடுத்த பொருளை எடுத்த எடத்துல வைக்கற பிள்ளையா இருந்தா தாராளமா சேத்துவிடுங்க.

பயோகெமிஸ்ட்ரிக்கு நான் கேக்கறது ஒரே கேள்விதான், பிளஸ் டூல கெமிஸ்ட்ரி பிடிச்சுதா இல்லியா. மார்க் வந்துச்சான்னு கேக்கல, பிடிச்சுதான்னு கேக்கறேன். ஏன்னா பேர்ல பயோ முன்னாடி இருந்தாலும் உள்ள முக்கால்வாசி கெமிஸ்ட்ரிதான், புரதம், கொழுப்பு, என்சைம், சாப்பாடு எப்படி சக்தியா மாறுதுங்கற நீள நீளமான பாதைங்க. பிடிச்சவங்களுக்கு இது அமிர்தம். சுகர் டெஸ்ட்ல மூணு மாச சராசரின்னு ஹெச்பிஏ1சி எடுக்கறாங்களே, ஏன் மூணு மாசம், ஆறு மாசம் எடுக்கக் கூடாதா? ரத்த சிவப்பணு சுமாரா 120 நாள்தான் உயிரோட இருக்கும், அதுல இருக்கற ஹீமோகுளோபின்ல ஒட்டின சர்க்கரையைத்தான் அளக்கறாங்க, அதுக்கு முந்தின கதையைச் சொல்ல அங்க ஆளே இல்ல. வீட்ல எல்லாருக்கும் சுகர் இருக்கற ஊர்ல இதைப் புரிஞ்சு படிக்கற பிள்ளைக்கு பாடம் அங்கயே நடந்துடும். மெட்ராஸ் யுனிவர்சிட்டியில ஜி.என். ராமச்சந்திரன் 1950கள்ல நம்ம தோல் எலும்பு எல்லாத்துலயும் இருக்கற கொலாஜன் மூணு இழை முறுக்கின கயிறு வடிவம்னு காட்டினாரு, புரதம் எப்படி எப்படி மடங்க முடியும்னு காட்டற, அவர் பேர்ல இருக்கற ராமச்சந்திரன் பிளாட் இன்னிக்கும் உலகம் முழுக்க பயோகெம் புக்ல இருக்கு, அவரு அடிப்படையில பிசிக்ஸ்காரர்.

இப்ப பயோடெக். இங்கதான் நான் கொஞ்சம் கடுமையா பேசப்போறேன். சப்ஜெக்ட்ல ஒரு குறையும் இல்ல, மனுஷ இன்சுலினை பாக்டீரியாவுக்குள்ள ஜீனை வெச்சு தயாரிச்சு 1982ல மார்க்கெட்டுக்கு அனுமதி வாங்கினாங்க, அதுக்கு முன்னாடி மாடு பன்னி கணையத்துலேர்ந்துதான் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. டிஎன்ஏவை நகல் நகலா பெருக்கற பிசிஆர்ங்கற வார்த்தை கொரோனாவுக்கு அப்புறம் தெருவுல இருக்கற பாட்டிக்கும் தெரியும். டிஎன்ஏவை வேண்டிய எடத்துல வெட்டற கிரிஸ்பர் முறைக்கு 2020ல ரெண்டு பெண் விஞ்ஞானிங்களுக்கு நோபல் குடுத்தாங்க. எல்லாம் சரி, ஆனா இந்த சப்ஜெக்ட்ல கத்துக்கறதே கையாலதான், அந்தக் கைக்கு வேணுங்கற மெஷினும் கெமிக்கலும் காஸ்ட்லி. பிசிஆர் மெஷின் கண்ணாடி அலமாரிக்குள்ள பூட்டி வெச்சிருக்கற காலேஜ்ல பயோடெக் படிச்சு வர்ற பிள்ளைக்கு இன்டர்வியூல துளித் துளியா அளந்து எடுக்கற பைப்பெட்டைப் பிடிக்கச் சொன்னா கை நடுங்குது, அது பிள்ளை தப்பு கிடையாது. அதே காசுக்கு, ஏன் அதுல கால்வாசி காசுக்கு, கவர்ன்மென்ட் காலேஜ்ல சூவாலஜியோ பாட்டனியோ நல்லா நடத்தற வாத்தியார் கிட்ட படிச்சவ மேல எம்.எஸ்சிக்குப் போய் பயோடெக் எடுத்தா இவனைவிட முன்னாடி நிப்பா. வெறும் பி.எஸ்சி பயோடெக்கோட நிறுத்தறதா இருந்தா வேண்டாம்னுதான் சொல்லுவேன், எம்.எஸ்சி வரைக்கும் கண்டிப்பா போவோம், ஐதராபாத் பெங்களூர்னு வெளியூர் போய் வேலை பாக்கவும் ரெடின்னா எடுங்க.

பேரைப் பாத்து ஏமாறாதீங்க, ஏமாந்தும் பதறாதீங்க. மெட்ராஸ் யுனிவர்சிட்டி காலேஜ்ங்கள்ல பாட்டனிக்கு பிளான்ட் பயாலஜி அண்ட் பிளான்ட் பயோடெக்னாலஜின்னும் சூவாலஜிக்கு அட்வான்ஸ்டு சூவாலஜி அண்ட் பயோடெக்னாலஜின்னும் பேர் பாக்கலாம். பேர்ல பயோடெக் இருக்கறதால அது பயோடெக் டிகிரின்னு நெனைச்சு சேர்றவங்களும் உண்டு, பழைய பாட்டனிதானேன்னு தாண்டிப் போறவங்களும் உண்டு, ரெண்டு பேரும் சிலபஸை ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணியிருக்கலாம்.

ஜெனிடிக்ஸ், டிஎன்ஏ தகவலை கம்ப்யூட்டர்ல அலசற பயோஇன்ஃபர்மேடிக்ஸ், மரைன் பயாலஜி எல்லாம் டிகிரி லெவல்ல சில எடத்துலதான் இருக்கு, அதைத் தேடி மூணு பஸ் மாறிப் போகறதைவிட மேல எம்.எஸ்சியில எடுக்கறது மேல். கடல் பிடிக்கற பிள்ளைங்க சூவாலஜி முடிச்சுட்டு பரங்கிப்பேட்டைக்குப் போகலாம், அண்ணாமலை யுனிவர்சிட்டியோட கடல்வாழ் உயிரியல் மையம் அங்கதான். சூழலியலும் அப்படித்தான். எண்ணூர்லயும் பழவேற்காட்டுலயும் காக்கா ஆழின்னு ஒரு மட்டி பரவிக்கிட்டு இருக்கு, தென் அமெரிக்காவுலேர்ந்து வந்தது, அடியில கம்பளி விரிச்ச மாதிரி மண்ணை மூடிடுது, எறா தடவிப் பிடிக்கற மீனவங்களுக்குத்தான் முதல் அடி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட அதே கழிமுகத்துல எண்ணெய் கலந்து கூழைக்கடா றெக்கையெல்லாம் கருப்பாச்சு. இதை எல்லாம் அளந்து எழுதி வெக்க நம்ம பக்கத்துப் பிள்ளைங்க நாலு பேர் வேணும், வெளியிலேர்ந்து வர்றவங்களுக்கு எந்த மீன்பிடி எடத்துல எந்த மீன் விழும்னு தெரியாது.

சரி வேலை. டீச்சர் ஆகணும்னு ஆசை இருந்தா பாட்டனி இல்ல சூவாலஜி, கண்ணை மூடிட்டு எடுங்க. ஸ்கூல்ல பயாலஜியே அந்த ரெண்டாத்தான் பிரிஞ்சிருக்கு, கூட பி.எட் சேந்தா நேர் வழி. மைக்ரோ பயோகெம் பயோடெக் படிச்சுட்டு டீச்சர் போஸ்ட்டுக்குப் போறவங்க இணையான பட்டம்னு அரசாணை இருக்கா இல்லியான்னு ஆபீஸ் ஆபீஸா அலையற கதை நெறைய. வனத்துறைப் பரீட்சைங்களுக்கும் பாட்டனி சூவாலஜி செல்லும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலைன்னா கதை தலைகீழ், அதுக்குச் சட்ட விதியிலயே சொல்லியிருக்கற பட்டங்கள்ல மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி இருக்கு, சாதா பாட்டனி சூவாலஜி இல்ல. டிஎன்பிஎஸ்சி குரூப் டூ மாதிரி பரீட்சைக்கு ஏதோ ஒரு டிகிரி போதும்.

அதிகமா குழம்பற எடம் ஆஸ்பத்திரி லேப். பி.எஸ்சி மைக்ரோ படிச்சா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில லேப் டெக்னீஷியன் ஆயிடலாம்னு நெனைக்கறாங்க. கவர்ன்மென்ட் லேப் டெக்னீஷியன் வேலைக்குக் கேக்கறது மெடிக்கல் லேப் டெக்னாலஜி டிப்ளமோ மாதிரி தனிப் படிப்பு. சீக்கிரம் சம்பளம் வரணும், ஆஸ்பத்திரி சூழல்தான் வேணும்னா இந்த அஞ்சையும் விட்டுட்டு நேரா அந்தப் பக்கம் போறதே புத்திசாலித்தனம்.

தப்பான டிகிரியில மாட்டிக்கிட்டோமேன்னு பயப்படறவங்களுக்கு, எம்.எஸ். சுவாமிநாதன் முதல்ல வாங்கின டிகிரி சூவாலஜி, அப்புறம்தான் விவசாயம் படிக்கப் போனாரு. சிதம்பரத்துல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பிசிக்ஸ்ல பிஎச்.டி முடிச்சுட்டு பயாலஜிக்கு மாறி, செல்லுக்குள்ள புரதம் தயாரிக்கற ரைபோசோமை ஆராய்ஞ்சதுக்காக 2009ல நோபல் வாங்கினது கெமிஸ்ட்ரியில. கதவு தொறந்துதான் இருக்கு, ஆனா அவங்களுக்கு மாற அவகாசம் இருந்துச்சு, நம்ம வீடுங்கள்ல மூணாவது வருஷம் முடிஞ்ச உடனே சம்பளம் எதிர்பாப்பாங்க, அதனால முதல் தேர்வு கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கட்டும்.

என்னைக் கேட்டா, எம்.எஸ்சி நிச்சயம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு சூவாலஜி, இல்லாட்டி பாட்டனி, வியாசர்பாடி அம்பேத்கர் காலேஜ், பாரதி மகளிர் மாதிரி கவர்ன்மென்ட் காலேஜ்ங்கள்ல எது எதுல எந்த டிபார்ட்மென்ட் இருக்குன்னு பாத்துப் போடுங்க. கவர்ன்மென்ட் ஸ்கூல்ல ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பையங்களுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், பஸ் டீ ரெக்கார்டு நோட்டு செலவுக்கு அது ஓடும். கையில வேலை செய்யப் பிடிக்கும், உணவுக் கம்பெனி மருந்துக் கம்பெனி குவாலிட்டி லேப் பக்கம் போகணும்னா மைக்ரோ. கெமிஸ்ட்ரி பைத்தியம்னா பயோகெம். பயோடெக் கடைசி, அதுவும் லேபை நேர்ல பாத்துட்டு. ஆபீஸ் ரூம்ல பிராஸ்பெக்டஸ் வாங்கறதோட திரும்பிடாம செகண்ட் இயர் படிக்கற ரெண்டு பேரை ஓரமா கூப்பிட்டு போன வாரம் லேப்ல என்ன பண்ணீங்கன்னு கேளுங்க, பதில் சொல்ல யோசிச்சாங்கன்னா புரிஞ்சுக்கங்க.

கட்ஆஃப் நல்லா இருக்கற பிள்ளைங்க இன்னொரு கதவையும் தட்டணும், நிறைய பேர் அதை மறந்துடறாங்க. கால்நடை மருத்துவம், மீன்வளம் ரெண்டுக்கும் மாநில ஒதுக்கீட்டு சீட் பிளஸ் டூ மார்க்லதான், நீட் வேண்டாம். கால்நடைப் பல்கலைக்கழகத் தலைமையகமே நம்ம மாதவரத்துல, மெட்ராஸ் வெட்டினரி காலேஜ் வேப்பேரியில, மீன்வளக் கல்லூரி பொன்னேரியில, உணவு பால் டெக்னாலஜிக்கு செங்குன்றம் தாண்டி கொடுவள்ளி. ஆனா ஒண்ணு, ஆர்ட்ஸ் காலேஜ் அப்ளிகேஷன்ல இது எதுவும் வராது, கால்நடை, மீன்வளம்னு ரெண்டு யுனிவர்சிட்டிக்கும் தனித்தனியா ஆன்லைன்ல போடணும், கடைசித் தேதியும் வேற வேற, அதனால பி.எஸ்சிக்குப் போடற அதே வாரத்துல இதையும் பாத்து போட்டு வெச்சிடுங்க.